பழைய மெர்சிடிஸ் ஈ220: டிஸ்க் நடுக்கத்தின் வேர் எங்கே, பெரிய பிரேக் எப்போது?

உங்கள் கேள்வியின் சாரம் இது. கோவையில் 1996-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் ஈ220 வைத்திருக்கிறீர்கள். ஊட்டிக்குப் போய்த் திரும்புவது வழக்கம். மேட்டுப்பாளையம் தாண்டிச் சமவெளிச் சாலையில் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் கையில் நடுங்குகிறது. ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று சொல்லி மெக்கானிக் இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை முன் டிஸ்க்குகளை (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டுகளை) மாற்றிவிட்டார். புதிது போட்ட மூன்று நான்கு மாதம் ஒன்றும் தெரிவதில்லை, பிறகு அதே நடுக்கம் திரும்பி வருகிறது. ஆகவே எட்டு சிலிண்டர் மெர்சிடிஸில் வரும் நான்கு பிஸ்டன் காலிப்பரையும் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) பெரிய டிஸ்க்கையும் வாங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் பதில். நடுக்கத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பெரிய டிஸ்க் போட்டால், அதே காரணம் அந்தப் பெரிய டிஸ்க்கையும் சில மாதங்களில் நடுங்க வைக்கும். செலவு மட்டும் பல மடங்காகும். உங்கள் கார் சேர்ந்த அதே தலைமுறையின், டபிள்யூ124 எனப்படும் கார் ஒன்றைப் பதினெட்டு ஆண்டுகளாக நானே பராமரித்து வருகிறேன். நீங்கள் சொல்லும் இந்தச் சுற்றில் நானும் மூன்று செட் டிஸ்க்குகளைச் செலவழித்திருக்கிறேன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ‘வளைந்த டிஸ்க்’ என்ற பேச்சைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வார்ப்பிரும்பு டிஸ்க் ஒன்று சாலையில் ஓடும்போது அப்பளம்போல் நெளிந்துவிடுவது மிக அரிது. நாம் ஸ்டீயரிங்கில் உணரும் நடுக்கத்துக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது, டிஸ்க்கின் கனம் சுற்றிலும் ஒரே சீராக இல்லாமல் போவதுதான். ஓரிடத்தில் கனமாகவும் இன்னோர் இடத்தில் மெலிந்தும் இருக்கும் டிஸ்க், அதை இருபுறமும் அழுத்தும் உராய்வுக் கட்டைகளான பேடுகளுக்கு நடுவே சுழலும்போது, கனமான இடம் வரும் ஒவ்வொரு முறையும் பேடு வெளியே தள்ளப்படுகிறது, பிடிப்பு ஒரு கணம் கூடுகிறது, மெலிந்த இடத்தில் குறைகிறது. இந்த ஏற்றத்தாழ்வு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு இருந்தாலே கைக்குத் தெரிந்துவிடும். உங்கள் காரின் 195/65 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் உருள்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 11 சுற்று. அதாவது நொடிக்கு 11 முறை முன் சஸ்பென்ஷனுக்கு ஒரு குத்து விழுகிறது. முன் சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங் இணைப்புகளும் தம் இயல்பிலேயே அதிரக்கூடிய வேகமும் அதை ஒட்டியே இருப்பதால்தான், 40-இல் ஒன்றுமே தெரியாத நடுக்கம் 80-இலும் 100-இலும் உச்சத்துக்குப் போகிறது.

அப்படியானால் புதிய டிஸ்க்கின் கனம் ஏன் சீர்கெடுகிறது? இரண்டு வழிகளில் கெடுகிறது. உங்கள் காரில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன என்று நினைக்கிறேன்.

முதல் வழி, டிஸ்க் ஹப்பின் (சக்கரம் மாட்டப்படும் சுழலும் நடுப்பாகம்) மீது நேராக உட்காராமல் இருப்பது. டபிள்யூ124-இல் முன் டிஸ்க் ஹப்பின் முகத்தில் சொருகி, ஒரே ஒரு சிறு திருகால் நிறுத்தப்படுகிறது. அதை உண்மையில் இறுக்கிப் பிடிப்பவை ஐந்து வீல் போல்ட்டுகள்தாம். ஹப் முகத்தின் ஓரத்தில் 0.04 மி.மீ. கனத்துக்குத் துருச் செதில் ஒன்று இருந்துவிட்டால் போதும், 284 மி.மீ. விட்டமுள்ள டிஸ்க்கின் விளிம்பில் அந்தக் கோணல் ஏறக்குறைய இரட்டிப்பாகி 0.08 மி.மீ. ஆட்டமாகத் தெரியும். புதிதாகப் போட்ட அன்று இந்த ஆட்டத்தால் நடுக்கம் வராது, ஏனென்றால் டிஸ்க்கின் கனம் இன்னும் சீராகவே இருக்கிறது. மிதக்கும் காலிப்பர் டிஸ்க்கோடு சேர்ந்து இப்படியும் அப்படியும் நகர்ந்து கொடுத்துவிடும். ஆனால் பிரேக்கை மிதிக்காமல் நெடுஞ்சாலையில் ஓடும் நேரமெல்லாம், துருத்திக்கொண்டிருக்கும் அந்த ஒரே இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை இலேசாக உரசிச் செல்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டர் இப்படியே உரசினால் அந்த இடம் மெலிகிறது. உங்கள் ‘மூன்று நான்கு மாத’க் கணக்கு இதோடு அச்சாகப் பொருந்துகிறது. டிஸ்க்கைப் போட்ட விதத்தில் பிழை இருந்தால் அறிகுறி இப்படித்தான் தாமதமாக வரும். அதனால்தான் போட்டவர் மீது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, பழி டிஸ்க்கின் மீது விழுகிறது.

இரண்டாவது வழி, பேடின் பொருள் டிஸ்க்கின் மீது திட்டுத்திட்டாகப் படிவது. பேடும் டிஸ்க்கும் பழகிய பிறகு, பேடின் பொருள் டிஸ்க்கின் மீது மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். நல்ல பிடிப்புக்கு அது வேண்டியதே. ஆனால் டிஸ்க் மிகவும் சூடாக இருக்கும்போது காரை முழுதாக நிறுத்திப் பெடலை அழுத்தியபடியே காத்திருந்தால், பேடு படிந்த இடத்தில் மட்டும் அந்தப் பொருள் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். டிஸ்க்கைக் கழற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பேடின் வடிவத்திலேயே கருநீலத் தழும்பு தெரியும். அந்த இடம் பிறகு அதிகமாக உரசி, மற்ற இடங்களைவிடச் சூடாகும். வெப்பம் 650, 700 டிகிரி செல்சியஸை எட்டினால் வார்ப்பிரும்பின் அந்தப் பகுதி சிமென்டைட் எனப்படும் கடினமான இரும்புக் கார்பைடாக மாறத் தொடங்கிவிடும். கடினமான இடம் தேயாது, சுற்றியுள்ள இடம் தேயும், மேடு வளர்ந்துகொண்டே போகும். லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கினால் மேற்பரப்பு சரியாகிவிடும். ஆனால் சிமென்டைட் உள்ளே இறங்கியிருப்பதால் சில வாரங்களில் அதே இடத்தில் மேடு திரும்ப எழும். கடைந்தும் நடுக்கம் திரும்புகிறது என்று பலர் சொல்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

மலையிறக்கம் எவ்வளவு வெப்பத்தைத் தருகிறது என்பதை ஒரு கணக்காகவே பார்த்துவிடலாம். ஐந்து பேரும் சாமான்களும் சேர்த்து உங்கள் காரை 1800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நிறுத்தினால் ஏறக்குறைய 7 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அதில் 70 விழுக்காட்டை முன் பிரேக்குகள் ஏற்கின்றன என்றும், டிஸ்க் ஒன்று 7 கிலோ என்றும் வைத்தால், அந்த ஒரே நிறுத்தத்தில் முன் டிஸ்க் ஒவ்வொன்றின் வெப்பமும் 70 டிகிரி உயரும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம் இறங்குகிறீர்கள். அந்த இறக்கத்தில் கரைக்க வேண்டிய ஆற்றல் 2 கோடியே 65 லட்சம் ஜூல். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 38 முறை நிறுத்துவதற்குச் சமம். காற்றின் தடையும் டயர் உருளும் தடையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சின் ஏற்பதா, பிரேக் ஏற்பதா என்பது ஓட்டுபவர் கையில் இருக்கிறது. கியரை டி-யிலேயே விட்டுவிட்டு, இலேசாகப் பெடலை மிதித்தபடியே கீழே வரை வருபவரின் டிஸ்க், எந்த விலை கொடுத்து வாங்கியதானாலும் தாங்காது.

இனி என் காரில் கண்டதைச் சொல்கிறேன். மூன்றாவது செட் டிஸ்க்கும் நடுங்கத் தொடங்கியபோது, கடன் வாங்கிய ஒரு டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) காந்தக் காலோடு, ஹப்பைத் தாங்கும் ஸ்டீயரிங் கணுவின் மீது நிறுத்தி, ஊசியை டிஸ்க்கின் விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்துக் கையால் சுழற்றினேன். முள் 0.11 மி.மீ. ஆடியது. டிஸ்க்கைக் கழற்றி ஹப்பின் முகத்தைத் துடைத்துவிட்டு விரல் நுனியால் தடவியபோது, ஒரு போல்ட்டுத் துளையை ஒட்டி, அரிசி முனை அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது. கண்ணுக்குத் துருவின் நிறம்கூடத் தெரியவில்லை, பளபளப்பாக அழுந்திப் போயிருந்தது. அதை வயர் பிரஷ்ஷாலும் பிறகு தட்டையான எண்ணெய்க் கல்லாலும் தேய்த்தெடுத்து, ஹப்பின் மீது உட்காரும் டிஸ்க்கின் நடுப்பகுதியான தொப்பியின் உட்புறத்தையும் அவ்வாறே சுத்தம் செய்து மாட்டியபோது ஆட்டம் 0.04-க்கு வந்தது. டிஸ்க்கை ஒரு போல்ட்டுத் துளை தள்ளி மாட்டிப் பார்த்ததில் 0.03 ஆனது. டிஸ்க்கைச் சற்றே சுழற்றி மாட்டுவது ஹப்பின் சிறு கோணலையும் டிஸ்க்கின் சிறு கோணலையும் ஒன்றுக்கொன்று எதிராக வைக்கிறது. நிறுத்தும் திருகின் துளை பொருந்தவில்லை என்றால் அந்தத் திருகைப் போடாமல் விட்டாலும் கெடுதல் இல்லை. அன்றைக்கு அந்தப் பழைய டிஸ்க்கையே மெலிதாகக் கடைந்து போட்டேன். 30,000 கிலோமீட்டருக்கு மேல் நடுக்கமின்றி ஓடியது.

ஆகவே உங்கள் முதல் வேலை அளப்பது. ஆனால் டிஸ்க்கை அளப்பதற்கு முன்பு வீல் பேரிங்கைச் சரிபார்க்க வேண்டும். இந்தக் காரின் முன் வீல் பேரிங்குகள் கூம்பு உருளை வகை, இடைவெளியை நாமே சரிசெய்ய வேண்டியவை. ஆட்டம் 0.01 முதல் 0.02 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பதே தயாரிப்பாளரின் அளவு. கையால் சக்கரத்தை ஆட்டிப் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்லிவிட முடியாத அளவு அது, டயல் கேஜ் வைத்தே பார்க்க வேண்டும். பேரிங் தளர்ந்திருந்தால் டிஸ்க்கின் ஆட்டமும் நம்ப முடியாத எண்ணாகிவிடும். பேரிங்கை முடித்த பிறகு, டிஸ்க்கை ஐந்து போல்ட்டுகளாலும் வாஷர் வைத்துச் சீராக இறுக்கிவிட்டு அளக்க வேண்டும். வெறுமனே ஒற்றைத் திருகில் நிற்கும் டிஸ்க்கை அளப்பதில் பொருளில்லை. விளிம்பில் 0.05 மி.மீ.க்குள் வந்தால் நல்லது. கனத்தை மைக்ரோமீட்டரால் ஒரே வட்டத்தில் எட்டு இடங்களில் அளந்து எழுதி வையுங்கள். மிகக் கூடுதலான அளவுக்கும் மிகக் குறைவான அளவுக்கும் உள்ள வேறுபாடு 0.01 மி.மீ.ஐத் தாண்டினால் நடுக்கத்தின் காரணம் உங்கள் கண்முன் எண்ணாக நிற்கிறது. சாதாரண வெர்னியர் காலிப்பர் இதற்குப் போதாது. அதன் தாடை டிஸ்க்கின் ஓரத்தில் தேயாமல் நிற்கும் விளிம்பின் மீது உட்கார்ந்து பொய்யான கனத்தைக் காட்டும்.

டிஸ்க் அளவுக்குள் இருந்தும் நடுக்கம் இருந்தால் ஸ்டீயரிங் பக்கம் பாருங்கள். இந்த வயதுக் காரில் கீழ்க் கையின் ரப்பர் புஷ்கள், பால் ஜாயின்ட், ஸ்டீயரிங்கின் ஐட்லர் ஆர்ம் புஷ், ஸ்டீயரிங் டேம்பர் ஆகியவை தேய்ந்திருப்பது சாதாரணம். இவை நடுக்கத்தை உண்டாக்குவதில்லை. சிறு நடுக்கத்தைப் பெரிதாக்கிக் கைக்குக் கொண்டுவருகின்றன. பிரேக்கை மிதிக்காமலே ஸ்டீயரிங் ஆடுகிறது என்றால் அது டயரும் பேலன்ஸும் சம்பந்தப்பட்ட விஷயம், பிரேக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பின் பிரேக்கைச் சோதிக்கப் பார்க்கிங் பிரேக்கை மெல்ல மிதித்துப் பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. உங்கள் காரில் அது பயன்படாது. பார்க்கிங் பிரேக் பின் டிஸ்க்கின் தொப்பிக்குள் இருக்கும் சிறு டிரம்மில் தனி ஷூக்களைக் கொண்டு இயங்குவதால், அது டிஸ்க்கின் முகத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. நடுக்கம் ஸ்டீயரிங்கில் இல்லாமல் இருக்கையில் தெரிந்தால் பின்பக்கத்தைச் சந்தேகியுங்கள்.

அடுத்து, சக்கரம் மாட்டும் விதம். இதில்தான் நம் ஊர்ப் பட்டறைகள் மீது எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. டயர் மாற்றும் கடையில் ஏர் கன்னை வைத்து ‘டர்ர்’ என்று ஐந்து போல்ட்டையும் இறுக்கி, கடைசியில் ஒருவர் நீண்ட குழாய் சொருகிய ஸ்பேனரின் மீது ஏறி நின்று அழுத்துவார். ஒரு போல்ட் 90 நியூட்டன் மீட்டர், அடுத்தது 200 என்று இறுகும். அந்தச் சமமின்மை டிஸ்க்கின் தொப்பியை இழுத்துக் கோணலாக்கும். சூடாகும்போது அது இன்னும் கூடும். இந்தக் காருக்கு உரிய இறுக்கம் 110 நியூட்டன் மீட்டர். கையால் திருகி உட்கார வைத்து, நட்சத்திர வரிசையில் முதலில் பாதி இறுக்கம், பிறகு டார்க் ரெஞ்சால் முழு இறுக்கம் என இரண்டு சுற்றாகச் செய்ய வேண்டும். நான் டார்க் ரெஞ்சை டிக்கியிலேயே வைத்திருக்கிறேன். பஞ்சர் ஒட்டிவிட்டு வந்தாலும் வீட்டு வாசலில் ஐந்தையும் தளர்த்தித் திரும்ப இறுக்குகிறேன். வெளிச்சந்தை அலாய் வீல் போட்டிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். மெர்சிடிஸின் வீல் போல்ட் உட்காரும் இடம் கோள வடிவம், பல வெளிச்சந்தை வீல்களில் அது கூம்பு வடிவம். ஒன்றுக்கு உரிய போல்ட்டை மற்றதில் போட்டால் ஒரு கோட்டில் மட்டுமே தொட்டுக்கொண்டு நிற்கும், இறுக்கமும் நிலைக்காது. இது நடுக்கத்தோடு நிற்காமல் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது. வீலின் நடுத்துளையும் ஹப்பின் 66.6 மி.மீ. விட்டத்தோடு வளையம் வைத்தாவது பொருந்த வேண்டும்.

காலிப்பர் ஒரு பக்கம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் அந்தப் பக்க டிஸ்க் எப்போதும் சூடாகவே இருக்கும். பிரேக் அதிகம் போடாமல் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் இரு முன் டிஸ்க்குகளையும் பாருங்கள். வேறுபாடு 30, 40 டிகிரி இருந்தால் ஒன்று பிடிக்கிறது. சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்து, இறுக்கமாக இருந்தால் காலிப்பரின் பிளீடர் திருகை (ஆயிலை வெளியேற்றும் சிறு திருகு) திறவுங்கள். உடனே சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது, பெரும்பாலும் பழைய ரப்பர் ஹோஸ் உட்புறம் ஊதி அடைத்துக்கொண்டிருக்கும். திறந்தும் விடுபடவில்லை என்றால் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது, அல்லது மிதக்கும் காலிப்பரின் வழிகாட்டிப் பின் வறண்டு சிக்கியிருக்கிறது. ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஏறக்குறைய முப்பது வயதுக் காரில் அவை எப்போது மாற்றப்பட்டன என்று யாருக்கும் தெரியாது என்றால், நான்கையும் மாற்றிவிடுவதே சரி.

இப்போது நீங்கள் கேட்ட மேம்பாட்டுக்கு வருகிறேன். நான் முதலில் பணம் போடும் இடம் பிரேக் ஆயில். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சி 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் அதன் குறைந்தபட்ச வரம்பு 155 டிகிரிதான். மலையிறக்கத்தில் காலிப்பருக்குள் அது கொதித்து ஆவியானால் பெடல் தரைக்குப் போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், அடிக்கடி மலை ஏறுபவர் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினாலும் அதிகமில்லை. டாட் 5.1 போட்டால் புதிதில் 260, ஈரத்தில் 180 என வரம்பு உயர்கிறது, டாட் 4-ஓடு அது ஒத்துப்போகும். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் சிலிக்கானால் ஆன டாட் 5-ஐ வாங்கிவிடாதீர்கள். அது வேறு பொருள், இந்தக் காரில் சேர்க்கவே கூடாது.

அதற்குப் பிறகு நல்ல டிஸ்க்கும் நல்ல பேடும். டிஸ்க்கைக் கடையிலேயே கையில் எடுத்து ஓரத்தைப் பாருங்கள். காற்றோட்டப் பள்ளங்களின் இருபுறமும் உள்ள இரும்புத் தகடுகள் சுற்றிலும் ஒரே கனமாக இருக்க வேண்டும். வார்க்கும்போது உள் அச்சு நகர்ந்துவிட்ட மலிவான டிஸ்க்கில் ஒரு பக்கம் 6 மி.மீ., மறுபக்கம் 7.5 மி.மீ. என்று கண்ணுக்கே தெரியும். அப்படிப்பட்ட டிஸ்க் சூடாகும்போது ஒரு பக்கமாக விரிந்து கூம்பாகும். துளையிட்ட டிஸ்க் அழகாக இருக்கலாம். மலைப்பாதையில் துளைகளிலிருந்து நட்சத்திரம்போல் விரிசல் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன், எனவே இந்தக் காருக்குத் துளையில்லாத சாதாரண டிஸ்க்கையே பரிந்துரைப்பேன். பேடின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் படியுங்கள். முதலெழுத்து சாதாரண வெப்பத்திலும் இரண்டாவது அதிக வெப்பத்திலும் உள்ள உராய்வைக் குறிக்கும். எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை. இரண்டாவது எழுத்து முதலெழுத்தைவிடக் குறைந்திருந்தால் அந்தப் பேடு சூட்டில் தளர்கிறது என்று பொருள். மலைக்கு எஃப் எஃப் போதும். பந்தயத்துக்கான பேடுகள் குளிர்ந்த நிலையில் பிடிக்காது, வீட்டுத் தெருவில் அவை ஆபத்து.

இவையெல்லாம் செய்து, ஓர் ஆண்டு நடுக்கமின்றி ஓட்டிய பிறகும் மலையிறக்கத்தில் பிடிப்புத் தளர்வதாக உணர்ந்தால், அப்போது பெரிய பிரேக்கைப் பற்றி யோசியுங்கள். அது எதைத் தரும், எதைத் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை ஒருமுறை நிறுத்துவதைப் பொறுத்தவரை டயர்தான் முடிவு செய்கிறது. இப்போதைய பிரேக்கே சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு, அல்லது ஏபிஎஸ்ஸை இயக்கும் அளவுக்குப் பிடிக்கிறது என்றால், பெரிய பிரேக் அந்தத் தூரத்தைக் குறைக்காது. அது தருவது வெப்பத்தை வாங்கும் கொள்ளளவைத்தான். நான்கு பிஸ்டன் என்றால் நான்கு மடங்கு அழுத்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. மிதக்கும் காலிப்பரில் 57 மி.மீ. பிஸ்டன் ஒன்றின் பரப்பு ஏறக்குறைய 2,550 சதுர மி.மீ. நிலையான நான்கு பிஸ்டன் காலிப்பரில் ஒரு பக்கத்துக்கு 42 மி.மீ., 38 மி.மீ. என இரண்டு பிஸ்டன் இருந்தால் கூட்டுப் பரப்பு ஏறக்குறைய 2,520. அழுத்தும் விசை கிட்டத்தட்ட ஒன்றேதான். கூடுவது பேடின் மீது அழுத்தம் பரவும் சீரும், பெரிய டிஸ்க்கின் ஆரமும் நிறையும்.

எட்டு சிலிண்டர் 500ஈ, போர்ஷேயின் ஸ்டுட்கார்ட் ஆலையில் கட்டப்பட்ட கார். அதன் பிந்தைய ஆண்டுகளில் வந்த 320 மி.மீ. டிஸ்க் உங்கள் 15 அங்குல வீலுக்குள் அடங்காது, குறைந்தது 16 அங்குலம் வேண்டும். காலிப்பரைப் பிடிக்கும் போல்ட்டுகளின் இடைவெளியை உங்கள் ஸ்டீயரிங் கணுவில் அளந்த பிறகே எதையும் வாங்குங்கள். பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு கூடினால் பெடல் அதிகம் இறங்கும், பெடலின் விசையை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரும் பெரிதாக வேண்டியிருக்கும். முன்னால் மட்டும் பிடிப்பைக் கூட்டினால் பின் சக்கரங்கள் தம் பங்கைச் செய்யாமல் நின்றுவிடும். பின்னால் கூட்டினாலோ ஈரச்சாலையில் கார் சுழலும், இதில் பின்னதே பெரிய ஆபத்து. ஆகவே ஒரே காரிலிருந்து முன்பக்கம், பின்பக்கம், மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் ஒரு தொகுதியாக எடுப்பதே முறை. பழைய சாமான் கடையிலிருந்து வாங்கும் காலிப்பரில் பிஸ்டன்களைக் கழற்றிப் பார்த்து, சீல் கிட் போட்ட பிறகே மாட்ட வேண்டும்.

புதிய டிஸ்க்கும் பேடும் போட்ட அன்றே அவற்றைப் பழக்க வேண்டும். அதிகாலையில் வெறிச்சோடிய நாற்கரச் சாலையில் 80-இலிருந்து 20-க்குச் சற்று அழுத்தமாகக் குறைத்து, நிற்காமல் திரும்ப வேகம் எடுத்து, இப்படி எட்டுப் பத்து முறை செய்யுங்கள். பின்னால் வரும் வண்டிகளைக் கவனிப்பது முதல் கடமை. அதன் பிறகு பத்து நிமிடம் பிரேக்கை மிதிக்காமலே ஓட்டி ஆறவிடுங்கள். இடையில் எங்கும் முழுதாக நிற்க வேண்டாம். சூடான டிஸ்க்கின் மீது பேடு படிந்து நிற்பதே நாம் தவிர்க்க நினைக்கும் தழும்பின் தொடக்கம்.

இறக்கத்தில் ஆட்டோமேட்டிக் என்றால் லீவரை 3-க்கோ 2-க்கோ கொண்டுவந்துவிடுங்கள், மேனுவல் என்றால் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்காமல், இடைவெளி விட்டு அழுத்தமாக, குறுகிய நேரத்துக்கு மிதியுங்கள், இடையில் டிஸ்க் காற்றில் ஆறட்டும். எஞ்சினை ஒருபோதும் அணைக்க வேண்டாம், மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காமல் போய்விடும். கல்லாற்றுப் பக்கம் டீ குடிக்க நிற்பதாக இருந்தால், கடைசி இரண்டு கிலோமீட்டரைப் பிரேக் தொடாமல் உருண்டு வந்து நில்லுங்கள். நின்ற பிறகு பெடலிலிருந்து காலை எடுத்து, பி-யில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். பார்க்கிங் பிரேக்கின் ஷூக்கள் சூடான பின் டிஸ்க்கின் தொப்பிக்குள் இருப்பதால், அதையும் உடனே இறுக்க வேண்டாம். சூடான சக்கரங்களின் மீது தண்ணீர் அடிக்கவும் விடாதீர்கள். சாலையோரத்தில் குழாயோடு நிற்பவர் அன்போடு கழுவிக் கொடுக்க வந்தாலும், அரைமணி நேரம் கழித்துக் கழுவச் சொல்லுங்கள்.

உங்கள் மெக்கானிக்கிடம் அடுத்த முறை போகும்போது டிஸ்க் வாங்கிக்கொண்டு போக வேண்டாம், ஒரு டயல் கேஜும் மைக்ரோமீட்டரும் கொண்டுபோங்கள். இரண்டு முன் சக்கரங்களின் ஆட்டத்தையும், எட்டு இட கனத்தையும், பேரிங்கின் இடைவெளியையும் ஒரு தாளில் எழுதி, மாட்டிய 500 கிலோமீட்டருக்குப் பிறகு போல்ட்டின் இறுக்கத்தையும் 5,000 கிலோமீட்டருக்குப் பிறகு கனத்தையும் திரும்ப அளந்து அதே தாளில் பக்கத்திலேயே எழுதுங்கள். கனத்தின் வேறுபாடு வளராமல் இருந்தால் உங்கள் இப்போதைய 284 மி.மீ. டிஸ்க்கே போதும். வளர்ந்திருந்தால் அந்த எண்களோடு திரும்ப எழுதுங்கள், எந்தப் பக்கம் எவ்வளவு என்று தெரிந்தால் காரணத்தை அங்கிருந்தே தேடலாம்.